துளை மேல் பந்தயம்

மூன்றாம் எண் இயந்திரம் நின்றுபோன இரவு
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
துறைமுகம் வரைக்கும் கடல் கல்லாகிக் கிடந்தது.
கெமி ஆலைக்குள்ளே
தேய்ந்த பேரிங்கைக் கழற்றிப் போட்ட உருளை
பல் பிடுங்கிய வாய்போல் காத்திருந்தது.

தண்டு: இருநூறு மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு பொட்டு.
புது வளையம்: இருநூறு, அதற்குக் கீழே ஒரு பொட்டு.
இரண்டு பொட்டுகளுக்கும் நடுவில்
ஆலையே ஸ்தம்பித்து நின்றது.

"சூடு பண்ணி மாட்டலாம்" என்றேன்.
கிரேன் கூண்டிலிருந்து ரவ்னி சிரித்தாள்.
"கெர்த்து, இரும்பு சூட்டில் பெருக்குமா?"
பெருக்கும்.
"எல்லாப் பக்கமுமா?"
எல்லாப் பக்கமும்.
"அப்படியானால் உள்பக்கமும்தானே? துளை சின்னதாகிவிடுமே!
மே தினத்துக்கு நான் பொரிக்கிற முங்க்கியைப் பார்த்ததில்லையா?
எண்ணெயில் விழுந்த மறுநொடி
நடுவில் இருக்கிற ஓட்டை கண்ணை மூடிக்கொள்ளும்."

ஒரு பாக்கெட் காபி பந்தயம்.
இளவறுப்பு. மலிவானது செல்லாது.

முப்பது பேரிங்காவது மாட்டியிருப்பேன்.
ஏன் நுழைகிறது என்று
ஒன்றிடமும் கேட்டதில்லை.

ஹீட்டர் முனகத் தொடங்கியது, மரத்தை வண்டு குடைகிற மாதிரி.
நாற்பது. ஐம்பத்தைந்து.
கையில் அகப்பட்ட கழிவுக் காகிதத்தில் ஒரு பட்டை கிழித்தேன்.
காகிதத்துக்கு இங்கே பஞ்சமா?
பட்டையை வளைத்து நுனிகளைச் சேர்த்தேன்: வளையம்.
பிரித்து நீட்டினேன்: வெறும் பட்டை.
பட்டை சூடானால் நீளும், அது ரவ்னிக்கும் சம்மதம்.
நீண்ட பட்டையை மறுபடி வளைத்தால்
வட்டம் பெரிசு, வட்டத்துக்குள் இருக்கிற
ஒன்றுமில்லாததும் பெரிசு.

முங்க்கி மாவு வேறு, ரவ்னி.
அது குழைந்து, உப்பி, வழி கிடைத்த பக்கம் பிதுங்கும்.
இரும்பு பிதுங்காது.
ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளிடமிருந்து
கொஞ்சம் தள்ளி உட்காரும், அவ்வளவுதான்.
வட்டமாய் உட்கார்ந்தவர்கள் எல்லாரும்
நாற்காலிக்கு நாற்காலி இடம் விட்டால்
நடுவில் இருக்கிற தரை அகலாமல் என்ன செய்யும்?

அவள் விடவில்லை.
"சவுனாவில் என் மோதிரம் ஏன் இறுகுகிறது?"

நல்ல கேள்வி.
எண்பது டிகிரி வரைக்கும் பதில் தெரியவில்லை.
பிறகு சொன்னேன்: மோதிரமும் அகலத்தான் செய்கிறது,
மயிரிழையில் ஒரு பங்கு.
விரல் அதற்குள் முந்திக்கொண்டு வீங்கிவிடுகிறது.
தங்கத்தின் மேல் பழி.

என் மோதிரம் அலமாரியில் இருக்கிறது.
ஒரு ஜூலை மாதம், குளவி கொட்டிய விரலிலிருந்து
நர்ஸ் நறுக்கி எடுத்தாள்.
வாய் பிளந்த சின்னப் பட்டை.
என்சியோ ஒட்டவைத்துத் தருகிறேன் என்றான்.
இப்போது ஊலுவில் இருக்கிறான்.

நூற்றிப் பத்து.
உள்விட்டமானியை வளையத்துக்குள் விட்டேன்.
ஐந்தில் ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தது:
இரண்டு மூன்று தலைமுடிகளின் அகலம்.
கிரேன் கொக்கி வளையத்தைத் தூக்கி வந்தது.
இழுபறி இல்லை, சுத்தியல் இல்லை,
கையுறைக்குள் கை போகிற மாதிரி போனது.
நடுவழியில் தயங்கியிருந்தால்
அங்கேயே பிடித்துக்கொண்டிருக்கும்,
விடிய விடிய வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆறும்போது வளையம் பின்வாங்கப் பார்க்கும்.
தண்டின் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும்.
ரவ்னி ஏணியிறங்கி ஓடி வந்து
எதிர்ப்பக்கம் கை கொடுத்தாள்.
தடித்த தோல் கையுறை நாலு,
நடுவில் துளை நிறையத் தண்டு.
முகத்துக்கு முகம் ஒரு முழம் தூரம்.
அவள் மூச்சில் நேற்றைய பூண்டு.
எட்டு நிமிஷம் யாரும் பேசவில்லை.

பிறகு உள்ளே எங்கோ
'டிக்' என்று ஒரு சத்தம்.
"பிடித்துவிட்டது" என்றாள், பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி.

காலை ஐந்தரைக்குக் காகிதம் ஓடத் தொடங்கியது.
இன்றைக்கு மார்ச் பத்தொன்பது.
காபி இன்னும் வரவில்லை.
கேட்டால், முங்க்கி விஷயம் இன்னும்
தீரவில்லை என்கிறாள்.